தில்லிக்கு வந்த வெனிஸ் இளைஞர்: மனுச்சியின் நூல்வழி அறியலாகும் அன்றாட வாழ்வு

இத்தாலியர் என்றவுடன் தமிழாய்வுலகம் இருவரையே நினைவுகூரும். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி ஒருவர். 1710-இல் இந்தியாவிற்கு வந்து வீரமாமுனிவர் என நிலைபெற்ற பெஸ்கி மற்றொருவர். இருவரும் சமயப் பணியின்பொருட்டு வந்தவர்கள். நொபிலி எதை உண்டார், எதை உடுத்தார், எவருடன் பழகினார் என்பன கடிதங்களிலும் வாதங்களிலும் விரிவாகப் பேசப்பட்டன. அவருடைய அன்றாட வாழ்வே சமயக் கொள்கை பற்றிய வழக்காக மாறியமைதான் அதற்குக் காரணம். மேலும், இவ்விருவர்க்கும் பின்புலமாக ஒரு சபை இருந்தது. அடுத்த வேளை உணவுக்கு என்ன செய்வது என்னும் கவலையோடு அவர்கள் கப்பலிலிருந்து இறங்கவில்லை.

அக்கவலையோடு இறங்கிய இத்தாலியர் ஒருவரும் உண்டு. வெனிஸ் நகரில் 1638-இல் பிறந்த நிக்கோலோ மனுச்சி, துறவியாகவோ வணிகராகவோ தூதராகவோ இந்தியாவிற்கு வந்தவரல்லர். வீட்டை விட்டு ஓடிவந்த சிறுவர் அவர். பதினேழு வயதில் சூரத்தில் இறங்கி, தில்லியில் வேலை தேடி, இலாகூரில் மருத்துவராகி, இறுதி முப்பது ஆண்டுகளைப் பெரும்பாலும் சென்னையிலும் புதுச்சேரியிலும் கழித்தவர். அவர் எழுதிய ‘ஸ்தோரியா தோ மோகோர்’ என்னும் முகலாய வரலாறு, வில்லியம் இர்வினின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1907-08-இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அதன்பின் முகலாயர் வரலாறு எழுதுவோர்க்கு அது இன்றியமையாத சான்றாயிற்று. எச்சரிக்கையோடு கையாள வேண்டிய சான்றும் ஆயிற்று.

அந்நூலின் நம்பகத்தன்மை பற்றிய ஐயம் நியாயமானதே. அரண்மனைக்குள் நிகழ்ந்தவற்றைக் கண்ணால் கண்டவர்போல் மனுச்சி எழுதும் இடங்கள் பல, கடைத்தெருவில் உலவிய வதந்திகளே. எனினும், ஒரு நூல் எவ்விடத்தில் பொய் சொல்லக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேரரசரின் அந்தரங்கத்தை மிகைப்படுத்தினால் ஐரோப்பிய வாசகர் மகிழ்வர், நூல் விலைபோகும். வெற்றிலை மென்று மயங்கி விழுந்ததைச் சொல்வதால் ஆசிரியர்க்குப் பெருமை ஏதும் இல்லை. அந்நியர் ஒருவர் நகரில் குடியேறும் முறை பற்றிய செய்திகள் இவ்வாறு போகிற போக்கில் சொல்லப்பட்டவை. நூலின் பெருஞ்செய்திகளைக் காட்டிலும் இச்சிறு செய்திகளே உறுதியானவை என்று கொள்வதற்கு இடமுண்டு.

மொழியே முதற்கைப்பொருள்

வெனிஸ் அந்நாளில் கீழைநாட்டு வணிகத்தின் வாயில். உலகைக் காண வேண்டும் என்னும் வேட்கையால், 1653-இல் ஸ்மிர்னா துறைமுகத்திற்குப் புறப்பட்ட கப்பல் ஒன்றில் மனுச்சி ஒளிந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது பதினான்கு. பசி தாங்காமல் வெளிப்பட்ட சிறுவரை அக்கப்பலில் பயணம் செய்த ஆங்கிலப் பிரபு பெல்லமாண்ட் தம் பணியாளாக ஏற்றார். நாடிழந்திருந்த இரண்டாம் சார்லஸ் மன்னரின் தூதராகப் பாரசீகத்திற்குச் சென்றவர் அவர். துருக்கி வழியாகத் தரைவழிப் பயணம். பாரசீகத் தலைநகர் இஸ்பகானில் நெடுநாள் தங்கல். பின்னர்க் கடல்வழியாக 1656 சனவரியில் சூரத்.

இப்பயணத்தில் சிறுவர் ஈட்டிய செல்வம் ஒன்றே. துருக்கி மொழியும் பாரசீக மொழியும் பேசக் கற்றார். இலக்கணம் பயின்றவரல்லர். சந்தையிலும் சாவடியிலும் எசமானருக்காகப் பேரம் பேசிக் கற்ற மொழி அது. முகலாய அரசவையின் மொழி பாரசீகமே ஆதலின், இந்திய மண்ணில் கால் வைக்கும் முன்னரே அந்நாட்டு ஆட்சிமொழி அவர் நாவில் இருந்தது. அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் இதுவே முதல்.

சூரத்தில் அவரை வியக்கவைத்தது கோட்டையோ துறைமுகமோ அன்று. கண்ணில் பட்டவர் அனைவரும் குருதி போன்ற ஒன்றை உமிழ்ந்துகொண்டிருந்தனர். இந்நாட்டார்க்கு ஏதேனும் நோயோ, பல் உடைந்ததோ என்று அவர் வினவினார். அது வெற்றிலை என்று விளக்கிய ஆங்கிலப் பெண்மணி, அவருக்கும் சிறிது கொடுத்தார். மென்ற சிறிது நேரத்தில் தலை சுழன்று, முகம் வெளிறி, இறந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கீழே விழுந்தார். அப்பெண்மணி வாயில் சிறிது உப்பு இட்டபின்னரே தெளிவு வந்தது. ‘பாக்குச் சொக்கியது’ என்று தமிழ்நாட்டில் வழங்கும் நிலை இதுவே. அவர் கையாளும் ‘பெத்தெல்’ என்னும் சொல்லும் தென்னாட்டு வெற்றிலைதான். மலையாள ‘வெற்றில’ போர்த்துகீசியர் வாயில் திரிந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. பொருளை அறியுமுன் சொல் வெனிசை எட்டியிருக்கக்கூடும். பொருளோ சூரத்தில்தான் அவர் தலையைச் சுழற்றியது.

எசமானரின் மறைவு

1656 சூன் மாதக் கடுங்கோடையில், ஆக்ராவிலிருந்து தில்லிக்குச் செல்லும் வழியில், ஹோடல் என்னும் ஊரில் பெல்லமாண்ட் பிரபு இறந்தார். இளைஞரின் வாழ்வில் உண்மையான குடியேற்றம் இந்நாளிலிருந்தே தொடங்குகிறது. அதுவரை அவர் ஒருவருடைய ஆள். இனி யாருடைய ஆளும் அல்லர்.

அடுத்து நிகழ்ந்தது, பெருநகரில் புதிதாக வந்திறங்கும் எவருக்கும் நேரக்கூடியது. முகலாயர் பணியிலிருந்த ஆங்கிலேயர் இருவர் வந்து, இறந்தவரின் உடைமைகள் தம் மன்னர்க்குரியவை என்று உரிமை கோரி எடுத்துக்கொண்டனர். அவற்றுள் மனுச்சியின் சொந்தப் பொருள்களும் இருந்தன. தம் பொருளைத் தருமாறு அவர் கேட்டபோது மறுப்பே விடையாயிற்று. ஐரோப்பியர் என்னும் உறவு ஐரோப்பியரிடத்தில் பயன்படவில்லை. பாரசீகம் பேசும் இளைஞர் தில்லி அரசவை அதிகாரிகளிடம் தாமே முறையிட்டார். வழக்கின் வழியாகவே அரசவையின் வாயில் அவருக்குத் திறந்தது என்பது இதில் நோக்கத்தக்கது. பேரரசர் ஷாஜகானின் மூத்த மகன் தாரா சுக்கோ அவரை அழைத்துப் பேசி, பாரசீக மொழித் திறன் கண்டு மகிழ்ந்து, மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டார்.

பீரங்கியை அவர் அதற்குமுன் இயக்கியவர் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால், அது தடையன்று. ஐரோப்பியர் அனைவரும் வெடிப்படையில் வல்லவர் என்பது அக்கால நம்பிக்கை. தாராவின் பணியில் ஐரோப்பியப் பீரங்கி வீரர் குறி பார்ப்பது ஒன்றையே செய்தனர் என்றும், குண்டை ஏற்றுதல், உயர்த்துதல், தாழ்த்துதல், வெடித்தல் ஆகிய உழைப்பெல்லாம் அதற்கென அமர்த்தப்பட்ட பணியாளர் செய்தனர் என்றும் மனுச்சியே எழுதுகிறார். அப்பணியாளரின் பெயரையோ ஊதியத்தையோ அவர் குறிக்கவில்லை. நகரில் புதியவரை மேலேற்றிய ஏணியின் கீழ்ப்படிகள் அவர்களே.

உடையும் நகரும்

மனுச்சி வந்தபோது ஷாஜகானாபாத் புத்தம்புதிய நகரம். 1639-இல் அடித்தளமிட்டு 1648-இல் பேரரசர் குடிபுகுந்த அந்நகரில் கோட்டையின் செங்கல் மணம்கூட ஆறியிராது. சாந்தினி சௌக்கின் நடுவே வாய்க்கால் ஓடியது. பாரசீகர், துருக்கியர், உசுபெக்கியர், ஆர்மீனியர் எனப் பலரும் அங்கே புதியவர்களாகவே வந்திருந்தனர். எல்லாரும் எங்கிருந்தோ வந்த நகரில் ஒருவர் வெனிசிலிருந்து வந்தது பெரிய வியப்பாக இருந்திராது.

அவர் உடுத்ததும் ஐரோப்பிய உடையன்று. துருக்கியர்போல் உடுத்தி, தலைப்பாகை அணிந்தே அவர் தாராவின் முன் நின்றார். இதனை மாறுவேடம் என்று கூறுதல் பொருந்தாது. தில்லி வெயிலுக்கும் தரையில் அமரும் வழக்கத்திற்கும் ஏற்ற உடை அதுவே. நொபிலி காவி உடுத்தியது கொள்கையின் வெளிப்பாடு. பல ஆண்டு விவாதத்திற்குப்பின் 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதற்கு ஒப்புதல் தர வேண்டியிருந்தது. மனுச்சியின் தலைப்பாகைக்கு எவரும் ஒப்புதல் தரவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. ஒரே நூற்றாண்டில் ஒரே நாட்டினர் இருவர் செய்த ஒரே செயல், ஒருவர்க்கு இறையியலாகவும் மற்றவர்க்குப் பிழைப்பாகவும் அமைந்தது.

பின்னாளில் இராசா செய்சிங்கின் பாசறையில் பணியாற்றியபோது, தாடியை மழித்து இராசபுத்திரர்போல் மீசை மட்டும் வைத்துக்கொண்டார். அவர்களைப்போலக் காதில் முத்து அணியவில்லை என்று ஒரு திருத்தத்தையும் சேர்க்கிறார். 1665-இல் அப்பாசறைக்கு வந்த சிவாசி, செய்சிங்கோடு சீட்டாடிக்கொண்டிருந்த இவரைக் கண்டு, இவர் எந்நாட்டு இராசா என்று வினவியதாகவும், பரங்கி இராசா என்று செய்சிங் விடை கூறியதாகவும் மனுச்சி எழுதுகிறார். தற்பெருமை கலந்த செய்திதான். ஆயினும், நாட்டுப் பெயரைவிட உடையும் அமர்ந்திருக்கும் இடமுமே ஒருவரை யார் என்று காட்டின என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாம் முறை ஆதரவிழத்தல்

1658 மே மாதம் சாமுகர் போரில் தாரா தோற்றார். மனுச்சி மாறுவேடத்தில் அவரைத் தொடர்ந்து இலாகூர் சென்றார்; சிந்து ஆற்றின் நடுவே உள்ள பக்கர்க் கோட்டையின் முற்றுகையில் பீரங்கிப் பொறுப்பிலிருந்தார். 1659-இல் தாரா கொல்லப்பட்டார். ஔரங்கசீப்பின் பணியில் சேர வாய்ப்பு இருந்தும் மனுச்சி மறுத்துவிட்டார். கொன்றவரிடம் ஊதியம் பெற மனம் ஒப்பவில்லை என்பது அவர் தரும் காரணம். இதனை அப்படியே ஏற்கத் தயங்குவோர், ஐரோப்பியப் பீரங்கி வீரர் ஊதியம் வீழ்ந்தமையைச் சுட்டலாம். முன்னர்ச் சிலர் மாதம் 200 ரூபாய்வரை பெற்றனர் என்றும், ஔரங்கசீப் காலத்தில் அது மிகவும் குறைந்தது என்றும் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே எழுதுகிறார். எனினும், நாற்பது ஆண்டுகள் கழித்துச் சென்னையில் அமர்ந்து எழுதும்போதும், தாராவைப் பற்றிய பகுதிகளில் மனுச்சியின் நடை மாறிவிடுகிறது. தம்மை முதன்முதலில் மதித்துப் பேசிய மனிதரை அவர் மறக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

ஔரங்கசீப் காலத் தில்லியின் தெருவை அவர் காட்டும் பகுதிகள் சுவையானவை. தாடி நான்கு விரலுக்கு மேல் வளர்ந்திருந்தால் தெருவிலேயே அளந்து வெட்ட அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். மதுவிலக்கு ஆணை பிறந்தது. கிறித்தவர்கள் தமக்கெனக் காய்ச்சிக் குடிக்கலாம், விற்கக் கூடாது என்னும் விதியோடு, நகருக்கு வெளியே பீரங்கிப் படையினர் வாழ்ந்த புறநகருக்கு மாற்றப்பட்டனர். இந்துத்தானம் முழுவதிலும் குடிக்காதவர் இருவரே, ஒருவர் தாம், மற்றொருவர் தலைமைக் காசி அப்துல் வகாப் என்று பேரரசர் ஒருமுறை கூறினாராம். அக்காசிக்கு நாள்தோறும் ஒரு புட்டி மது மறைவாக அனுப்பியவர் தாமே என்று மனுச்சி எழுதுகிறார். இது உண்மையோ புனைவோ, நகரின் விலக்குகளுக்கிடையே புதியவர் தமக்கென ஓர் இடத்தை எவ்வாறு கண்டுகொண்டார் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது. விலக்கப்பட்ட பொருள் அவர் வீட்டில் இருந்தது. அதனை விரும்புவோர் நகரில் இருந்தனர்.

பட்டமில்லா மருத்துவர்

இலாகூரில் அவர் மேற்கொண்ட மருத்துவத் தொழில் இதே வகையினது. மொந்பெலியேயில் பட்டம் பெற்ற பெர்னியேயைப்போல் மனுச்சி முறையாகப் பயின்றவரல்லர். பரங்கியர் மருத்துவம் அறிவர் என்று நகரம் நம்பியது. அந்நம்பிக்கையை அவர் மறுக்கவில்லை. முதல் நோயாளிகளிடம் தமக்கிருந்த அச்சத்தை அவரே ஒளிவின்றி எழுதுகிறார். குடல்கழுவும் கருவி தேவைப்பட்டபோது பசுவின் மடியைப் பையாகவும் உக்காவின் குழாயைக் குழலாகவும் கொண்டு தாமே ஒன்றைச் செய்துகொண்டார். பின்னர் இளவரசர் ஷா ஆலமின் பணியில் அரண்மனைப் பெண்டிர்க்கு மருத்துவம் பார்த்தபோது, தலைமேல் துணி போர்த்தி அலிகள் அவரை உள்ளே அழைத்துச் சென்றனர். திரைக்குள்ளிருந்து நீட்டப்படும் கையையே அவர் காண இயலும். நாடி பார்ப்பது ஒன்றே வழி.

நாடி பார்த்தலை அவர் எங்கே கற்றார்? இதற்கு நூலில் நேரடி விடை இல்லை. நோயாளியோடு அவர் மொழியிலேயே பேசி, உணவும் உறக்கமும் கேட்டறியும் ஆற்றல் அவர்க்கு இருந்தது. பட்டம் பெற்றும் மொழி அறியாது வந்த ஐரோப்பிய மருத்துவர் எவர்க்கும் வாய்க்காத நன்மை இது. அவர் தொழிலின் வெற்றிக்கு மருந்தைவிட இதுவே காரணமாதல் கூடும்.

சென்னையில் எழுதிய நூல்

1686-இல் முகலாயர் பணியிலிருந்து தப்பி, கோல்கொண்டா வழியாகச் சென்னை வந்தார். ஐரோப்பா திரும்பும் எண்ணம் இருந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சுத் தலைவர் பிரான்சுவா மார்த்தேன் திருமணம் செய்துகொண்டு தங்குமாறு கூறினார். அவ்வாண்டே எலிசபெத் கிளார்க் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவர் தந்தை ஆங்கிலேயர், தாய் போர்த்துகீசியர். பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். கறுப்பர் நகரத்தில் தோட்டமும் பரங்கிமலையில் வீடும் அமைந்தன. ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில், முகலாயத் தளபதி தாவூத்கானிடம் ஆங்கிலேயர் அனுப்பிய தூதில் மனுச்சியும் இருந்தார். அவரிடம் ஆங்கிலேயர் வேண்டியது மருந்தன்று. இஸ்பகான் சந்தையில் பதினாறு வயதில் அவர் கற்ற பாரசீகமும் தில்லி அரசவைப் பழக்கமுமே.

அவர் நூலை எழுதுவித்தது இக்காலத்தில்தான். மூலப்படியைக் காணும் எவர்க்கும் முதலில் தோன்றுவது அதன் மொழிக் கலப்பு. ஒரு பகுதி இத்தாலியம், ஒரு பகுதி போர்த்துகீசியம், ஒரு பகுதி பிரெஞ்சு. கிடைத்த எழுத்தர் எம்மொழி அறிவாரோ அம்மொழியில் சொல்லி எழுதச் செய்திருக்கிறார். இதனை வசதிக்குறைவு என்று மட்டும் கூறிச் செல்வதே ஆய்வாளர் வழக்கம். ஆனால், தாய்மொழியில் ஒரு நூலை முழுமையாகச் சொல்லி முடிக்க அவரால் இயலவில்லை என்பது சிறிய செய்தியன்று. பதினான்கு வயதில் விட்ட மொழி அது. அதன்பின் துருக்கியம் பேசி, பாரசீகம் பேசி, வீட்டில் போர்த்துகீசியம் பேசிய ஒருவரின் இத்தாலியம் சிறுவர் ஒருவரின் இத்தாலியமாகவே நின்றிருக்கும். அரசுரிமைப் போரையும் அரசவைச் சூழ்ச்சியையும் அதில் சொல்ல வேண்டிய தேவை அவர்க்கு ஒருநாளும் நேர்ந்ததில்லை. அவரைக் குடியேறச் செய்த மொழிகள், அவர் விட்டுவந்த மொழியின் இடத்திலேயே குடியேறின.

முதற்படி பாரிசுக்கு அனுப்பப்பட்டது. அது கத்ரு என்னும் இயேசு சபைத் துறவியின் கைக்குச் சென்று, 1705-இல் அவருடைய பெயரில், அவருடைய விருப்பப்படி மாற்றப்பட்டு வெளிவந்தது. மனுச்சி சினந்தார். தில்லி வழியில் தம் பெட்டியை இழந்த இளைஞர், இப்போது தம் வாழ்க்கையையே ஒருவர் எடுத்துக்கொண்டதைக் கண்டார். இம்முறை அவர் முறையிட்டது தில்லியிடமன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத வெனிஸ் நகரின் பேரவையிடம். தம்மை அந்நகரின் குடிமகனாகக் கூறிக்கொண்டு, நூலின் வேறொரு படியை ஓவியங்களோடு கப்புச்சின் துறவி ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். அப்படி இன்றும் வெனிசின் மார்சியானா நூலகத்தில் உள்ளது. அனுப்பியவர் திரும்பவில்லை. அவர் இறந்த ஆண்டு 1717 என்றும் 1720 என்றும் கூறுவர். சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயப் பதிவேடுகள் அவர் பெயரை ‘மனுச்’ என்று குறைத்தே எழுதியுள்ளன.